விசுவாசமான சமையலறை

எதிர்க் கடையில் சாமான் வாங்குகிற ஊழியர்களைக் கண்டுபிடிக்க நிர்வாகம் தனியாக ஓர் அதிகாரியை நியமித்திருக்கிறது என்ற செய்தி மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஊழியர் அறைக்கு வந்து சேர்ந்தது. காய்கறிப் பிரிவில் எடை போடுகிறவர் வாயில் வைத்த கவளத்தை விழுங்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தக் கவளத்தில் இருந்த அரிசி எதிர்க் கடை அரிசி. பருப்பும் எதிர்க் கடைப் பருப்பு. உப்பைக்கூட அங்கேதான் வாங்கியிருந்தார். அவசரமாக விழுங்கினார். விழுங்கிய பிறகு, வயிற்றுக்குள் இருப்பதைப் பார்க்க அவர்களிடம் ஏதாவது வழி இருக்குமோ என்று யோசித்தார்.

கடையில் எல்லோரும் அவரைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கே வேலை. நகரத்தின் பழைய, பெரிய சூப்பர் மார்க்கெட் அது. உள்ளே நுழைந்தால் குளிர்காற்று, காதில் விழுந்தும் விழாத இசை. கீரைக்கட்டுகளின் மேல் அவ்வப்போது மெல்லிய தூறல் விழும். தேனுக்கு மட்டும் ஒரு சுவர் முழுக்க அலமாரி. சர்க்கரை எங்கே என்று யாராவது திரும்பிப் பார்த்தால் போதும், ஓர் ஊழியர் ஓடிவந்து புன்னகைத்து, சர்க்கரை வரைக்கும் கூடவே நடந்து வருவார்.

சாலைக்கு அந்தப் பக்கம், முன்பு டயர் கிடங்கு இருந்த கட்டடத்தில், மலிவுக் கடை. அங்கே அட்டைப்பெட்டியின் வாயைக் கிழித்து அப்படியே அடுக்கிவிடுவார்கள். தேன் என்றால் ஒரே ஒரு தேன். பையை நாம்தான் கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் காசு கொடுத்து அவர்களுடைய மஞ்சள் பையை வாங்க வேண்டும். கல்லாவில் இருக்கும் பெண் சாமான்களைத் தள்ளுகிற வேகத்துக்குப் பையைப் பிடிக்காவிட்டால் அடுத்தவர் சோப்பும் நம் பைக்குள் விழுந்துவிடும். யாரும் புன்னகைக்க மாட்டார்கள். விலை மட்டும் ஏறக்குறையப் பாதி.

தராசு வாங்குகிற சம்பளத்துக்கு, வேலை பார்க்கிற கடையிலேயே சாமான் வாங்கினால் மாதத்தில் பாதி நாள் சாப்பிடலாம். எதிர்க் கடையில் வாங்கினால் மாதம் முழுக்கச் சாப்பிடலாம். நிர்வாகத்துக்கு இது பிடிக்காது என்று அவருக்குத் தெரியும். அதனால் வாரம் ஒருமுறை சீருடைக்கு மேலே மழைக்கோட்டைப் போட்டு, தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு சாலையைத் தாண்டுவார். வெயில் காலத்திலும் மழைக்கோட்டுதான்.

முதலில் அகப்பட்டது கேக் பிரிவில் வேலை பார்த்த பெண். அவள் சாப்பாட்டு டப்பாவை எதிர்க் கடையின் மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டாள். மேலே கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது அவள் கையில் ஒளிரும் பச்சை நிற மேலாடை ஒன்று இருந்தது. அன்றிலிருந்து வாகன நிறுத்துமிடத்தில் சிதறிக் கிடக்கும் தள்ளுவண்டிகளைப் பொறுக்கி வருவது அவள் வேலை. இது தண்டனை இல்லை என்று மேலாளர் எல்லோரையும் கூட்டிச் சொன்னார். இதற்குச் சிந்தனைக்கான இடமாற்றம் என்று பெயர்.

மறுநாள் விசுவாச அதிகாரி வந்தார். மெலிந்த பெண்மணி. குரலை உயர்த்தியே பேசாதவர். அவர் பேசுவதைக் கேட்க எல்லோரும் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டியிருந்ததால் அறை ஏற்கெனவே பயந்துபோன அறை மாதிரிதான் இருந்தது.

"எதிர்க் கடைக்காரங்க என்ன பண்றாங்க? பொருளை வாங்கி விக்கிறாங்க. பாவம், அதுக்கு மேல அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று ஆரம்பித்தார். "நாம அப்படியா? நாம உறவை வளர்க்கிறோம். பருப்பு அதே பருப்புதான், நான் இல்லைன்னு சொல்லலை. ஆலையும் அதே ஆலை. லாரிகூட ஒரே லாரிதான், பாதியை அங்க இறக்கிட்டுத்தான் இங்க வருது. ஆனா அந்தச் சாலையைத் தாண்டி நம்ம பக்கம் வந்ததும் அந்தப் பருப்புக்கு ஒரு மரியாதை கிடைக்குது. வாடிக்கையாளர் அந்த மரியாதைக்குத்தான் காசு குடுக்கிறாங்க. நம்ம ஊழியருக்கே அதுல நம்பிக்கை இல்லைன்னு தெரிஞ்சா அவங்க பருப்பைப் பார்க்க ஆரம்பிச்சிடுவாங்க. அது ரொம்ப ஆபத்து."

அதிகாரி எல்லோரையும் பிரிவுவாரியாக வரிசையில் நிற்கச் சொன்னார். எதிர்க் கடையில் விற்கும் துணி சோப்புத்தூளுக்கு ஒருவித எலுமிச்சை வாசனை உண்டாம். அதை மறைக்கவே முடியாதாம். அவர் ரொட்டிப் பிரிவிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவர் சட்டைக் காலராக முகர்ந்துகொண்டு வந்தார்.

தராசின் சட்டை முந்தின நாள்தான் துவைத்தது. அவர் மூக்குக்கே எலுமிச்சை அடித்தது. காய்கறிப் பிரிவு கடைசி வரிசை. பின்னால் கழித்துப்போட்ட வெங்காய மூட்டை ஒன்று கிடந்தது. யாரும் பார்க்காதபோது குனிந்து, அழுகிய வெங்காயம் ஒன்றை எடுத்துக் காலரிலும் கழுத்திலும் தேய்த்துக்கொண்டார். நிமிர்ந்தபோது அதிகாரி எதிரே நின்றிருந்தார். குனிந்து முகர்ந்தார். பின்வாங்கினார். மறுபடி முகர்ந்தார்.

"என்ன வாசனை இது?"

"வெங்காயம் மேடம்" என்றார் தராசு. "நம்ம வெங்காயம்."

அதிகாரியின் கண்களில் நீர் கோத்துக்கொண்டது. அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "பாருங்க. எனக்குக் கண் கலங்குது. பிரிவோட வாசனை இவர் உடம்புலயே ஊறிப்போயிருக்கு. இவரை மாதிரி ஒருத்தரைத்தான் நான் தேடிக்கிட்டிருந்தேன்." பிறகு தராசின் தோளைத் தொட்டு, "ஊழியர்கள் வீட்டுச் சமையலறையைப் பார்க்கப் போறோம். முதல்ல உங்க வீடு. ஞாயித்துக்கிழமை. ஏற்பாடு எதுவும் வேண்டாம், நல்ல மனசோட இருந்தா போதும்" என்றார்.

வீட்டில் அவர் மனைவி தையல் மெஷினில் யாருடைய கால்சட்டைக்கோ இடுப்பைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்றுவிட்ட கணவனைப் பார்த்து, உதட்டில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்தாள்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? என்ன நாத்தம் இது?"

அவர் சொன்னார்.

"சமையலறைல என்னத்தப் பார்ப்பாங்க?"

"எந்தக் கடை சாமான்னு பார்ப்பாங்க."

"அவங்க குடுக்கிற சம்பளத்துக்கு எந்தக் கடையில வாங்க முடியும்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். தெரியாத மாதிரி வருவாங்க. நாமளும் தெரியாத மாதிரி இருக்கணும். இல்லேன்னா வேலை போயிடும்."

மனைவி கால்சட்டையை மடித்துவைத்துவிட்டு, சமையலறைக்குள் போய் டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாள்.

அந்த வாரம் முழுக்கத் தராசு பெரிய கடையில் கழிவுப் பொருள் போடும் அறையிலிருந்து காலி ஜாடிகளையும் கிழிந்த பொட்டலங்களையும் சட்டைக்குள் ஒளித்து எடுத்துவந்தார். ஒவ்வொரு முறை வாசல் காவலரைத் தாண்டும்போதும் வயிற்றை எக்கிக்கொள்வார். மனைவி ஜாடிகளைக் கழுவிக் காயவைத்தாள். எதிர்க் கடை டீத்தூள் தங்கநிற மூடி போட்ட டப்பாவுக்குள் போனது. எதிர்க் கடை எண்ணெய் நீளக் கழுத்துக் கண்ணாடிப் புட்டிக்கு மாறியது. கிழிந்த பொட்டலங்களின் வாயைத் துணி தேய்க்கும் இஸ்திரிப்பெட்டியால் ஒட்டினாள். தையல்காரி என்பதால் ஒட்டு நேராக வந்தது. மிச்சமிருந்தது எதிர்க் கடையில் மொத்தமாக வாங்கிய டிஷ்யூ ரோல் கட்டு ஒன்று. அது எதற்குள்ளும் அடங்கவில்லை. அதன் மேல் திரைச்சீலைத் துணியைச் சுற்றி, சுவரோரம் முக்காலி மாதிரி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அதிகாரியும் மேலாளரும் புகைப்படக்காரர் ஒருவரும் வந்தார்கள். சமையலறையில் இரண்டு பேருக்கு மேல் நிற்க முடியாததால் முறைவைத்துப் பார்த்தார்கள். அதிகாரி ஒவ்வொரு டப்பாவின் மூடியையும் திறந்து, கண்ணை மூடி, முகர்ந்து, மூடினார். ஒவ்வொரு மூடி திறக்கும்போதும் தராசு சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பார்த்து முடித்ததும் அதிகாரி நேராக வந்து அந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

உள்ளே பிளாஸ்டிக் உறை சரசரத்தது. அவர் குனிந்து பார்க்கப் போனார். அதற்குள் மனைவி மெஷினில் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். அதிகாரி சாயும்போதெல்லாம் மெஷின் ஓடியது. அவர் அசையாமல் இருந்தால் நின்றது. துணி எதுவும் மெஷினில் இல்லை என்பது தராசுக்கு மட்டும்தான் தெரிந்தது.

"ஞாயித்துக்கிழமைகூட உழைக்கிறாங்க" என்று அதிகாரி மேலாளரிடம் மெதுவாகச் சொன்னார். தராசு கொண்டுவந்து கொடுத்த டீயை ஒரு வாய் குடித்தார். கண்களை மூடினார். "இதுதான் வித்தியாசம். இந்த டீயையும் எதிர்க் கடை டீயையும் பக்கத்துல பக்கத்துல வச்சா ஒரு குழந்தைகூடச் சொல்லிடும். நாக்கை ஏமாத்த முடியாது."

"முடியாது மேடம்" என்றார் தராசு.

அதுவரை பேசாமல் இருந்த மேலாளர் டப்பாக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனதில் ஏதோ கூட்டல் நடப்பது முகத்தில் தெரிந்தது. "உங்க சம்பளத்துக்குள்ள இது எல்லாம் கட்டுப்படியாகுதா?" என்று கேட்டார்.

ஆகவில்லை என்றால் இவையெல்லாம் எப்படி வந்தன என்று கேட்பார்கள்.

"ஆகுது சார். நல்லாவே ஆகுது."

மெஷின் நின்றுவிட்டது. மனைவி திரும்பி அவரைப் பார்த்தாள்.

அந்தப் பார்வைக்கு அர்த்தம் திங்கட்கிழமை காலையில் விளங்கியது. கூட்டத்தில் மேலாளர் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"சம்பள உயர்வு பத்தி நீங்க ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கீங்க. நிர்வாகத்துக்கும் அது பெரிய கவலையாத்தான் இருந்தது. உங்க எல்லாருக்கும் ஒரு சந்தோஷமான செய்தி, அந்தக் கவலை தீர்ந்துடுச்சு. இப்ப இருக்கிற சம்பளத்துலயே நம்ம கடையில, உயர்தரமான சாமான் வாங்கி, ஒரு குடும்பம் நிறைவா வாழுது. நாங்க கண்ணால பார்த்தோம். டீயும் குடிச்சோம்."

வாசலில் தராசு வீட்டுச் சமையலறையின் படம் ஆள் உயரத்துக்கு வைக்கப்பட்டிருந்தது. சனிக்கிழமை, வாடிக்கையாளர்கள் முன்னிலையில், விசுவாசக் குடும்பத்துக்குப் பரிசளிப்பு விழா. அன்றிலிருந்து மீன் பிரிவுக்காரர் தராசோடு பேசவில்லை. சாப்பாட்டு அறையில் அவர் உட்கார்ந்த மேசையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அவர் தனியாக உட்கார்ந்து எதிர்க் கடை அரிசியைத் தின்றார். அகப்பட்டுக்கொள்ளாமல் இருப்பது இவ்வளவு பயமாக இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை, வெளியே வரும்போது, கேக் பிரிவுப் பெண் தள்ளுவண்டிகளை நீளமாகக் கோத்து இழுத்துக்கொண்டு எதிரே வந்தாள்.

"அண்ணே" என்றாள். "வண்டி நிறுத்துற இடத்துலேர்ந்து பார்த்தா எதிர்க் கடை வாசல் நல்லாத் தெரியும்ண்ணே."

தராசு சாலைக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"மழைக்கோட்டும் தொப்பியும் தெரியும். மொட்டை வெயில்ல மழைக்கோட்டோட யாரு போவாங்க?"

"தங்கச்சி..."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சொல்லணும்னா என்னைக்கோ சொல்லி, கேக் பிரிவுக்கே திரும்பிப் போயிருப்பேன்." அவள் வண்டிகளை ஓர் உந்து உந்தினாள். "ஆனா எங்க வீட்டுல ரெண்டு பிள்ளைங்க. சம்பளம் ஏறும்னு நம்பித்தான் வாடகை வீட்டை மாத்தினோம். நீங்களா யோசிச்சுச் செய்யுங்கண்ணே."

அவர் அதை மனைவியிடம் சொன்னார். மனைவி, "நாளைக்கு நான் வர்றேன். ஆனா பொய் சொல்ல மாட்டேன்" என்றாள். "நானே சொல்லிடறேன்" என்றார் அவர்.

சனிக்கிழமை பழ அடுக்குகளுக்கு நடுவே சின்ன மேடை போட்டிருந்தார்கள். தள்ளுவண்டிகளோடு வாடிக்கையாளர்கள் சுற்றி நின்றார்கள். அதிகாரி ஒலிவாங்கியைத் தராசிடம் கொடுத்தார். அவருடைய மூச்சுக்காற்று கடை முழுக்க இரைந்தது.

"நாங்க... எதிர்க் கடையிலதான் வாங்குறோம்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். "நம்ம ஊழியர்களுக்கு நகைச்சுவை உணர்வும் அதிகம்" என்றார். கைதட்டல்.

"இல்ல, நிஜமாத்தான். அந்தப் படத்துல டப்பா மட்டும்தான் இந்தக் கடை. உள்ளே இருக்கிறது அந்தக் கடை."

கைதட்டல் இன்னும் பலமாக வந்தது. தராசுக்கு அழுகை வரும்போல இருந்தது. பொய் சொன்னபோது உடனே நம்பியவர்கள் உண்மையைத் துளிகூட நம்பவில்லை.

அப்போது முன்வரிசையில், வண்டி நிறையச் சாமானோடு நின்ற ஓர் அம்மாள், மேடையிலிருந்த மனைவியைப் பார்த்து, பெண்கள் பெண்களிடம் கேட்கிற சாதாரணக் குரலில் கேட்டாள்.

"ஏம்மா, அந்தக் கடை எண்ணெய் நல்லாருக்குமா?"

"நல்லாருக்கும்மா" என்றாள் மனைவி. "எண்ணெய், பருப்பு, சர்க்கரை, சோப்பு எல்லாம் அங்க கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம். டீத்தூளும்தான், போன வாரம் மேடமே குடிச்சுப் பார்த்து நல்லாருக்குன்னு சொன்னாங்க. கீரையும் பழமும் மட்டும் அங்க வேண்டாம், வாடிப்போயிருக்கும். அதுக்கு இங்க வாங்க. எங்க வீட்டுக்காரர் பார்த்துப் போடுவாரு."

அம்மாள் தன் வண்டியைப் பார்த்தாள். கீரையையும் ஆரஞ்சுகளையும் மட்டும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, வண்டியை அப்படியே விட்டுவிட்டுக் கல்லாவுக்குப் போனாள். பின்னால் இன்னொரு வண்டியும் அப்படியே விடப்பட்டது. பிறகு இன்னொன்று. அதிகாரி ஒலிவாங்கியைப் பிடுங்கி, "உறவு, உறவு" என்று ஏதோ சொன்னார். அவர் குரலை உயர்த்திப் பழகாதவர். யாருக்கும் கேட்கவில்லை.

அன்று பிற்பகலே தராசுக்கும் பச்சை மேலாடை கொடுத்தார்கள். வேலையை விட்டு நீக்கவில்லை. நீக்கினால் அவர் சொன்னது உண்மை என்று ஆகிவிடுமாம். அவர் வெயிலில் வண்டிகளை இழுத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்யப்போகிறார்கள் என்று ஒரு வாரம் பயந்துகொண்டே இருந்தார். இரவில் மனைவி எழுப்பி, பல்லைக் கடிக்காதீங்க என்றாள்.

அடுத்த சனிக்கிழமை, கடை திறப்பதற்குச் சற்று முன்னால், மேலாளர் கூட்டம் கூட்டினார். மாதத்தின் முதல் சனிக்கிழமை, கடையில் கூட்டம் அதிகம் வரும் நாள். வெளியே வாடிக்கையாளர்கள் காத்திருப்பது கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது.

"நடந்ததை நிர்வாகம் பெருந்தன்மையோட எடுத்துக்கிட்டது" என்றார். "நாம திறந்த மனசுள்ள நிறுவனம். இனிமே ஊழியர்கள் எதிர்க் கடையில தாராளமா வாங்கலாம். முழு அனுமதி உண்டு." கொஞ்சம் நிறுத்தினார். "அங்க விலை பாதிதான்னு நம்ம நண்பரும் அவர் வீட்டம்மாவும் எல்லார் முன்னாடியும் நிரூபிச்சிட்டாங்க. ஆக இப்ப இருக்கிற சம்பளம் தாராளமாவே போதும். கொஞ்சம் அதிகமோன்னு ஒரு கருத்துகூட மேலிடத்துல இருக்கு. அதனால உயர்வுங்கிற பேச்சுக்கே இடமில்லை. யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

அந்தக் கேள்வி ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கப்படுவது. யாரும் கை தூக்கியதில்லை. பக்கத்தில் கேக் பிரிவுப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கை மெதுவாக மேலே போனது. அதை வேறு யாரோ தூக்குவதுபோல அவரே பார்த்தார்.

"சார், சீருடையோட போய் வாங்கலாமா?"

"வாங்கலாம்."

"எப்ப வேணும்னாலும்?"

"முழு அனுமதின்னு சொன்னேனே. உங்களுக்கு என்ன, எழுதிக் குடுக்கணுமா?"

"வேண்டாம் சார். அப்ப நான் இப்பவே போயிட்டு வந்துடறேன்."

அவர் நடந்தார். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. யாராவது கூப்பிடுவார்கள், காலரைப் பிடித்து இழுப்பார்கள் என்று முதுகு கூசிக்கொண்டிருந்தது. காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. சாலையின் நடுவில் வந்துதான் திரும்பினார். கேக் பிரிவுப் பெண் வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மீன் பிரிவுக்காரர், கல்லாப் பெண்கள், ரொட்டிப் பிரிவு, சர்க்கரை வரைக்கும் கூடவே நடந்து வருகிறவர், வாசலில் வணக்கம் சொல்கிறவர்.

மலிவுக் கடையின் வரிசை அலமாரிகளைச் சுற்றி வளைந்து வாசலுக்கு வெளியே வந்துவிட்டது. அங்கிருந்து பார்த்தால் பெரிய கடைக்குள் வாடிக்கையாளர்கள் காய்கறியைக் கையில் வைத்துக்கொண்டு அங்குமிங்கும் திரும்புவது தெரிந்தது. அதிகாரி கல்லா ஒன்றின் முன்னால் உட்கார்ந்து எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தேடிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் மேலாளர் வெளியே வந்து, சாலையை எப்படித் தாண்டுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்து, ஓடிவந்து, வரிசையைப் பிளந்துகொண்டு கல்லா வரை போனார்.

"எல்லாரும் வாங்க, நம்ம கடைக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றார் வேர்த்து வழிந்தபடி.

"வரிசையைக் கலைக்காதீங்க சார்" என்று மலிவுக் கடையின் கல்லாப் பெண் தலையைத் தூக்காமலே சொன்னாள். "பேசணும்னா கடைசியில நின்னு பேசுங்க."

மேலாளர் கடைசியில் போய் நின்றார். அங்கிருந்து சம்பள உயர்வுக்கு ஒரு தொகையைச் சொன்னார். அது ஒருவர் சொல்லி ஒருவராக முன்னால் வந்து, போதாது என்று தலைகள் ஆடி, திரும்பிப் பின்னால் போனது. வரிசை கொஞ்சம் நகர்ந்தது. மேலாளர் இன்னொரு தொகையைச் சொன்னார். தராசின் முறை வருவதற்குள் கேட்டதில் பாதி முடிவாகிவிட்டது. மீதியை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று மேலாளர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

எல்லோரும் தராசைப் பார்த்தார்கள். கல்லாப் பெண் சாமான்களைத் தள்ளத் தொடங்கியிருந்தாள். பையைக் கேக் பிரிவுப் பெண்தான் பிடித்துக்கொண்டாள்.

"சரி சார்" என்றார். "ஆனா அடுத்த சனிக்கிழமையும் சாமான் வாங்க வேண்டியிருக்கும்."